கட்டு அவிழ்க்கும் முன் கேட்ட கருத்து

கண் முகாமின் நிறைவு விழாவில் பிரிஸ்கில்லாவின் முகத்தில் ஏறிய சிரிப்பு அதன் பிறகு இறங்கவே இல்லை. தூங்கும்போதும் சிரித்தாள், நாற்று நடும்போதும் சிரித்தாள், மாமியாரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் மாரில் அடித்துக்கொண்டு அழுதபோதும் பல் தெரியச் சிரித்தாள். அவள் மட்டுமல்ல, அன்றைக்குப் பச்சைப் பொத்தானை அமுக்கிய எல்லோருக்கும் இப்படித்தான் ஆனது. உத்திரமேரூருக்கு மேற்கே ஏரியை ஒட்டி இருக்கும் அந்த ஊரில் யாரைக் கேட்டாலும், இந்தப் பட்டத்தில் நெல் என்ன விலை போனது என்று சொல்வதுபோல இதைச் சொல்வார்கள்.

முகாமை நடத்தியது சென்னையிலிருந்து வந்த ஓர் அறக்கட்டளை. கண்ணில் புரை விழுந்தவர்களை, ஊர் காலனி என்று பார்க்காமல், பள்ளிக்கூட வராந்தாவில் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சொட்டு மருந்து விட்டார்கள். பஸ் பஸ்ஸாக ஏற்றிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து, ஒரு கண்ணில் கட்டோடு திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்கள். இது வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இறக்கிய இடத்தில் ஷாமியானா போட்டு நிறைவு விழா வைத்திருந்தார்கள். சால்வை, பேச்சு, மறுபடியும் சால்வை. வெளியே போகிற வழியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மிஷின் நின்றது. பச்சையில் சிரிக்கிற முகம், மஞ்சளில் உம்மென்று ஒரு முகம், சிவப்பில் வாய் கோணிய முகம். முகாம் எப்படி இருந்தது என்பதை வந்தவர்கள் இவற்றில் ஒன்றை அமுக்கிச் சொல்ல வேண்டுமாம். கட்டை அவிழ்க்கப் போவது வெள்ளிக்கிழமை. கருத்தைக் கேட்டது புதன்கிழமை. பார்வை வந்ததா என்று தெரிவதற்கு முன்பே பார்வை எப்படி என்று கேட்கிற புத்தி எந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்களோ தெரியவில்லை.

மிஷின் பக்கத்தில் முகாமின் ஒருங்கிணைப்பாளன் தமிழரசன் கழுத்தில் அட்டையோடு நின்று, கண் கட்டியவர்களின் கட்டைவிரலைத் தானே பிடித்துப் பச்சையில் வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த மேஜையில் எலுமிச்சை சாதப் பொட்டலங்கள் இருந்தன. அமுக்கியவர்கள் கைக்குத்தான் பொட்டலம் போனது.

"கட்டு அவுத்தப்பறம் சொல்றனே, நைனா" என்றாள் பிரிஸ்கில்லா.

"அப்ப மிஷினு இங்க இருக்காதுக்கா. சும்மா பச்சய அமுக்கு, பின்னால லைன் நிக்கிது பாரு."

ரேஷன் கடையில் கைரேகை ஒரே தடவையில் விழுந்துவிடாது. அழுத்திப் பிடித்தால்தான் அரிசி கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் அவளும் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தாள். அவளுக்கு முன்னால் போனவர்களும் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான் பிடித்தார்கள். மிஷின் டிங் என்றது. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டது. கேமராக்காரன் அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்து கட்டை அவிழ்த்தாள். நிறையப் பேருக்குப் பார்வை நன்றாகவே வந்தது, அதை மறைக்கக் கூடாது. அவர்களுக்குச் சிரிப்பும் ஒரு தொந்தரவாகத் தெரியவில்லை. ஆனால் கடைசி பஸ்ஸில் போனவர்களுக்குக் கண்ணில் சீழ் வைத்திருந்தது. பிரிஸ்கில்லா அந்த பஸ்ஸில் போனவள். வீட்டுக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்து அவள் புருஷன் ஜான்சன் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

"நல்லாத் தெரியுதா?" என்றார்.

"ஒண்ணும் தெர்லயா. இருட்டாக் கீது. வலி உயிரு போவுது."

"அப்பறம் இன்னாத்துக்கு இளிச்சிக்கினு நிக்கிறே?"

அது அவளுக்கும் தெரியவில்லை. முகத்தைத் தேய்த்துப் பார்த்தாள், கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள், ஜெபம் பண்ணிப் பார்த்தாள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார். இடது கண் போனது போனதுதான் என்றவர், ஆபரேஷன் செய்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள், இன்னொருத்தர் கண்ணாவது தப்பட்டும் என்றார்.

சொல்லத்தான் போனாள். காஞ்சிபுரத்தில் அறக்கட்டளையின் ஆபீஸில் தமிழரசன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். திரை முழுக்கப் பச்சை. ஒரு மஞ்சள் இல்லை, ஒரு சிவப்பு இல்லை. "கண்ணு போச்சுன்னு சிரிச்சிக்கினே சொல்றியேக்கா, யார் நம்புவாங்கோ?" என்றான். தாலுகா ஆபீஸில் அவளைப் பார்த்ததும் பட்டா கிடைத்த சந்தோஷத்தில் வந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் "இன்னாமே, நக்கலா?" என்று விரட்டினார்கள். கண் போனது ஒரு வேதனை என்றால், போனதைச் சொல்லப் போகிற இடமெல்லாம் குஷியாக இருப்பவளாக நிற்பது அதைவிடப் பெரிய வேதனை. வயிறு எரிந்தது அவளுக்கு. எரிகிற வயிற்றோடு சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

ஊரில் நிலபுலம் உள்ள தாமோதரனுக்கும் அதே கடைசி பஸ்ஸில்தான் கண் போயிருந்தது. ஆபீஸ்களில் இவர் போனால் எழுந்து நிற்பவர்கள் இருந்தார்கள். எழுந்து நின்று, நாற்காலி போட்டு, காபி வாங்கிக் கொடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷங்க" என்று வழியனுப்பி வைத்தார்கள். காலனிக்காரர்கள் எதிரில் வந்தால் ஆயுசு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், இப்போது வழியில் பார்க்கிற எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி போனார். காலனியில் அதைப் பார்த்து ஒருவரும் ஏமாறவில்லை.

இரண்டு மாதம் போனது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய பேனர் முளைத்தது. காவாந்தண்டலத்தில் மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம், அனைவரும் வருக. நடுவில், மாட்டு வண்டி அகலத்துக்கு, பிரிஸ்கில்லாவின் சிரித்த முகம். கருத்துக் கேட்டதே இதற்குத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கேட்டதை வைத்துத் தங்களைத் திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள். இவர்கள் அதை வைத்துப் பேனர் போட்டார்கள்.

"என் மூஞ்ச வெச்சே சனங்கள கூப்புடுறானுங்கோ" என்றாள் ஜான்சனிடம். "எனக்குப் போனது போவட்டும். என்னப் பாத்துட்டு வந்து இன்னொருத்திக்குப் போச்சின்னா, அந்தப் பாவம் யாருக்கு?"

அந்தப் புது முகாம் நடந்த அன்று, கண் போனவர்கள் எல்லோரும் காவாந்தண்டலத்துக்குப் போனார்கள். தாமோதரன் தன் டிராக்டரைக் கொடுத்தார். கொடுத்ததோடு, காலனி ஆட்கள் உட்கார்ந்திருந்த டிரெய்லரிலேயே தானும் ஏறி உட்கார்ந்தார். இது அதற்கு முன்பு நடந்ததில்லை. போய் இறங்கிய இடத்தில்தான் பெரிய பேஜார் ஆனது. வரிசையில் நின்ற சனம் பிரிஸ்கில்லாவை அடையாளம் கண்டுகொண்டு, "பேனர்ல கீறாங்களே, அவங்கதான்பா!" என்று சூழ்ந்துகொண்டது. வேண்டாம், போகாதீர்கள், என் கண் போய்விட்டது என்று அவள் தொண்டை வலிக்கக் கத்தினாள். கத்தும்போதும் முகம் சிரித்தது. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர்களும் கூடச் சிரித்தார்கள். அவளைப் பார்த்ததில் தைரியம் வந்து வரிசை முன்னைவிட வேகமாக நகர்ந்தது.

தேவகி என்று ஓர் அம்மாள், சொட்டு மருந்துக்கு முகத்தை நிமிர்த்தப் போனவள், "உன்ன மாதிரி நானும் சிரிக்கணும்மா" என்று பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் பிரிஸ்கில்லாவால் தாங்க முடியவில்லை. ஆத்திரத்தில் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு மறைந்தது. வெளியே தெரிந்தது கண்கள் மட்டும்தான். வலது கண் சிவந்து கொதித்தது. இடது கண் வேக வைத்த முட்டைபோல வெளுத்துக் கிடந்தது, அதிலிருந்தும் நீர் வழிந்தது. தேவகி பிடித்த கையை விடவில்லை. "அய்யய்யோ, இன்னாம்மா இது!" என்றாள். பின்னால் தாமோதரன் தோள் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டார். டிரெய்லரில் வந்தவர்கள் எல்லோரும் கையில் கிடைத்ததை வைத்து வாயை மூடினார்கள். வரிசை நின்றது, பிறகு கலைந்தது.

பிரிஸ்கில்லா நேராக மிஷினிடம் போனாள். சிவப்பு முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்து, ரேஷன் கடையில் அழுத்துவதுபோல அழுத்தினாள். சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். தாமோதரன் அழுத்தினார், தேவகி அழுத்தினாள்.

"அத எத்தினி தடவ அமுக்கினாலும் வராதுக்கா" என்றான் தமிழரசன், வாய் தவறி. "அதுக்குக் கனெக்ஷனே குடுக்கல."

சுற்றி நின்றவர்கள் அடிக்காமல் விட்டது அவன் அதிர்ஷ்டம். இந்த மிஷினே பித்தலாட்டம் என்று கூச்சல் போட்டார்கள். மிஷின் நன்றாகத்தான் வேலை செய்கிறது, பாருங்கள் என்று அவன் தன் கட்டைவிரலால் பச்சையை அழுத்திப் பிடித்துக் காட்டினான். டிங் என்றது.

முகாம் அன்றே மூட்டை கட்டியது. மேலிடத்திலிருந்து விசாரணை வந்தபோது அறக்கட்டளை எல்லாவற்றையும் தமிழரசன் தலையில் கட்டிவிட்டது. பச்சையை அமுக்க வைக்கச் சொன்னவர்கள் யார் யார் என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். கண் போனவர்களை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இப்படி நெஞ்சில் ஈரம் இல்லாதவனை இதுவரை பார்த்ததில்லை என்று விசாரணை அதிகாரி எழுந்து போய்விட்டார்.

அறுவடை முடிந்த சமயம் அவன் பிரிஸ்கில்லாவின் வீட்டுக்கு வந்தான். பல்லைக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றவனைப் பார்த்து ஜான்சன் கம்பைத் தேடினார். பிரிஸ்கில்லா தடுத்துவிட்டு, "வாய மூடு. கண்ணக் காட்டு" என்றாள். அவன் கைக்குட்டையால் வாயைப் பொத்தினான். அவள் தன் ஒற்றைக் கண்ணால் அவன் கண்ணை நெடுநேரம் பார்த்தாள்.

"நெசமாத்தான் அழுவுறே" என்றாள்.

"யாருமே நம்பலக்கா."

"நான் நம்புறேன். அன்னிக்குக் கட்டு அவுத்தப்பறம் சொல்றேன்னு சொன்னேன், உனக்கு ஞாபகம் கீதா? இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. நல்லா இல்ல, நைனா. நல்லாவே இல்ல."

அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனான். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் யாராவது சிரித்துக்கொண்டு மனு கொடுக்க வந்தால், தாலுகா ஆபீஸில் முதலில் வாயைப் பொத்தச் சொல்லிக் கண்ணைப் பார்க்கிறார்கள். பிரிஸ்கில்லா இப்போதும் நாற்று நடப் போகிறாள். சிரிப்பு அப்படியேதான் இருக்கிறது.