விசிலில் தெரிந்த கல்

"ஒரு கண்டக்டரோட கிட்னிக்குள்ள கல்லு இருக்குன்னு, திரும்பிக்கூடப் பார்க்காம, அவன் ஊதின விசில் சத்தத்துலயே கண்டுபிடிச்சவன் நான்."

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் இதைச் சொன்னதும், அதே பணிமனையில் ஓய்வுபெற்ற கண்டக்டர் வழக்கம்போலத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆரம்பிச்சுட்டான்யா. நாளைக்கு ஹாரன் அடிச்சே ஆபரேஷன் பண்ணினேம்பான்."

டிரைவரின் கண்ணோ கூட உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மேல் இருந்தது. நாற்பது வருடம் சைக்கிள் மிதித்த அந்த மனிதர், இன்று பூங்கா பெஞ்சில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரவில்லை. எழுந்தார், நடந்தார், குனிந்தார், மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தாலும் நின்றாலும் வலி அடங்காமல் தவிக்கிறவனுக்கு அது வெறும் தசைப்பிடிப்பாக இருக்காது என்பது டிரைவரின் கட்சி.

"வலி எங்கங்க?"

"முதுகுல, விலாவுக்குக் கீழே. அங்கேருந்து அடிவயித்துக்கு இறங்குது. வரும், போகும். பிடிப்புதான்."

"ஒண்ணுக்குப் போனா?"

"கொஞ்சம் சிவப்பா... நேத்து பீட்ரூட் சாப்பிட்டேன்ப்பா."

சொல்லிக்கொண்டே, நல்ல வெயிலில் தபால்காரர் நடுங்கினார். டிரைவருக்கு மறுபடி ஸ்டியரிங் கைக்கு வந்துவிட்டது போல உடம்பெல்லாம் பரபரத்தது. கல்லோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் காத்திருக்கவே கூடாது.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

"உன் புளுகை நம்பியா? மாத்திரை போட்டுப் படுத்தா சரியாயிடும்." தபால்காரர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

கண்டக்டர் எந்தப் பொய்யையும் பொறுப்பார், டிக்கெட் கணக்கில் மட்டும் பொறுக்கமாட்டார். அது தெரிந்தே டிரைவர் குரலை உயர்த்தினார்.

"கேட்டுட்டுப் போங்க. ஒரு ஸ்டாப்புல விசில் பாதியில அறுந்துச்சு. அடுத்ததுல கணீர்னு வந்துச்சு. அதுக்கடுத்ததுல மறுபடி அறுந்துச்சு. வலி அலையலையா வருதுன்னு புரிஞ்சுபோச்சு. அம்பது பேரோட அப்படியே வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன்."

கண்டக்டர் தொண்டையைச் செருமினார்.

"அம்பதா? எண்பது இருக்கும். கூரை மேலேயே முப்பது பேரு," என்றார் டிரைவர்.

கண்டக்டரின் காது சிவந்தது. டிரைவர் விடவில்லை.

"அட, நூத்திப்பத்து டிக்கெட்டுய்யா. மறந்தே போச்சு."

"யோவ், இருபத்திரெண்டு டிக்கெட்டு! அதுல ரெண்டு அரை டிக்கெட்டு!"

தபால்காரர் நின்றுவிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

கண்டக்டர் தன் செருப்பைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் டிரைவர் தன் கதையில் வரும் கண்டக்டர் யாரென்று ஒருவரிடமும் சொன்னதில்லை. புளுகன் என்ற பட்டத்தைச் சிரித்தபடியே சுமந்துகொண்டு திரிந்தார். இப்போதும் சொல்லவில்லை. சாலையில் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து, வருகிற டாக்சிகளையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் தபால்காரரின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"நடங்க. நானும் அன்னைக்கு வாயுத் தொல்லைன்னுதான் சாதிச்சேன். அத்தனை பேர் முன்னால குழந்தை மாதிரி அழுதேன். அந்த வெட்கத்துலதான் எல்லாம் பொய்யின்னு சொல்லிட்டு இருந்தேன்." ஒரு டாக்சி கிறீச்சிட்டு நின்றது. "அவன் சொன்னது நடந்துச்சுங்க. கல்லு எனக்குத்தான்."