அழகு பிளாசாவில் முப்பதாவது ஆள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கழிப்பறை வாசலில் கிடைத்தது. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடை போகிற என் வயதுக்காரர்கள் எல்லோர் மனதிலும் ஒரு வரைபடம் உண்டு: எந்தக் கட்டடத்தில் கேள்வி கேட்காமல் உள்ளே விடுவார்கள் என்று. அதில் முதலிடம் அழகு பிளாசாவுக்கு. மூன்று தளம், நாற்பது கடை, திறந்திருப்பவை ஆறு. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். மேல்மாடியில் ஒரு பெண், எஸ்கலேட்டரின் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தபடி, ஏறி வருகிற ஒரு குடும்பத்தைப் புலி மாதிரிப் பார்த்துக்கொண்டு

(புலி வேண்டாம். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிறகு கதையை வேறு விதமாக வாசிப்பார்கள். கொக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

முதலாவது: "மழை பெய்துகொண்டிருந்தது." கொழும்பில் இதைச் சொல்ல ஒரு எழுத்தாளன் தேவையில்லை.

இரண்டாவது: "சுபோதினி ஒரு விதவை." இதை, பொத்தானில் விரல் வைத்திருந்த அந்தச் சுபோதினியிடமே வாசித்துக் காட்டியது என் பிழை.

"என்ன அங்கிள், மனுசன் வவுனியாவில சீவனோட இருக்கேக்க!"

"கதைக்கு ஒரு கனம் வேணும், பிள்ளை."

"கனம் வேணுமெண்டால் அந்தத் துணிக்கட்டைத் தூக்கி இஞ்சால வையுங்கோ."

தூக்கி வைத்தேன். மூன்றாவது தொடக்கம் அவள் சொன்னதுதான்.

மேல்மாடியில், எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில், சுபோதினி பதினொரு வருடமாகச் சாரி பிளவுஸ் தைக்கிறாள். சித்திரையில் ஒருநாள் கட்டட முதலாளி அடைக்கப்பன் வந்தார். அழகு என்பது அவருடைய தாயாரின் பெயர். கட்டடத்தைப் பார்த்து வைத்ததல்ல.

"தங்கச்சி, தொடர்மாடி வீடு கட்டுறவங்க இந்த எடத்தக் கேக்குறாங்க. அம்மா பேர்ல இருக்கிறத இடிக்க எனக்கும் மனசில்ல. ஆனா ஆளில்லாத எடத்துல லைட்டப் போட்டு யாருக்குக் காட்டுறது? ஆவணி முதலாந் தேதி வர்றேன். இந்த மாடியில முப்பது பேர் நடமாடினா கட்டடம் நிக்கும். ஒண்ணு கொறஞ்சாலும் நீங்க மிஷினத் தூக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

அன்றே சுபோதினி எண்ணிப் பார்த்தாள். நான்கு பேர். அதில் இரண்டு தடவை நான்.

3

ஆளைச் சேர்க்கக் கடைக்காரர்கள் முதலில் கீழ்த்தளத்தில் காளான் வளர்த்தார்கள். நன்றாக வளர்ந்தது. ஒரு காளானின் நிழலில் நான்கு பேர் இருந்து கேரம் விளையாடினார்கள்.*

பிறகு மேலே டியூஷன் வகுப்பு. இடம் அளவுக்கு மிஞ்சி அமைதியாக இருந்ததால் பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். மாஸ்டரை எழுப்பப் பெற்றோர் வரவேண்டியிருந்தது. ஒருகொடவத்தைக் களஞ்சியக்காரர் ஒருவர் பழைய சோபாக்களை அடுக்க இடம் கேட்டார். முப்பது சோபா வந்தது. ஆனால் அடைக்கப்பன் சோபாவை ஆளாக எண்ணமாட்டார்.

* அந்த நால்வரில் ஒருவர் இப்போது இல்லை. காளான் காரணமல்ல, கனடாவுக்குப் போய்விட்டார்.

4

ஆனி மாதம் பிளவுஸ் அளவு கொடுக்க வந்த ஒரு தாய் பெருமூச்சு விட்டாள்.

"மாப்பிளைப் பகுதி வீட்ட வந்து பாத்திட்டு வேண்டாமெண்டால் லேன் முழுக்கத் தெரியும். கோயிலில பாத்தால் ஊருக்கே தெரியும். நான் பிள்ளையை எங்கதான் கொண்டுபோய்க் காட்ட?"

சுபோதினி வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோவன், அன்ரி. இஞ்ச ஒரு குருவியும் வராது."

கட்டடத்தின் ஒரே குறையை அவள் அந்தக் கணத்தில் சரக்காக்கிவிட்டாள்.

எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பதில்லை, தற்செயலாகக் காண்கிறார்கள். தற்செயலுக்கு நாள், நேரம், சேலை நிறம் எல்லாம் முதலே தொலைபேசியில் பேசியாகும். மாப்பிள்ளை வீட்டார் எஸ்கலேட்டரில் ஏறுவார்கள். பெண் வீட்டார் பக்கத்துப் படியில் இறங்குவார்கள். மொத்தம் பதினேழு செக்கன். பிடித்தால் மாப்பிள்ளையின் தாய் மேலே வந்து துணி விலை கேட்பாள். பிடிக்காவிட்டால் மறுபக்கப் படியால் இறங்கி நேரே கழிப்பறைக்கு. (அங்கே நான் வரிசையில் நிற்க நேர்ந்தது. கட்டடம் செழிப்பதை முதலில் அறிந்தவன் நான்.) இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசையென்றால் மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டும். உடனே சுபோதினி சிவப்புப் பொத்தானை அமுக்குவாள். எஸ்கலேட்டர் நடுவழியில் நிற்கும்.

"ஐயோ, கரண்ட் போயிட்டுது!" என்பாள். தலைக்கு மேலே லைட் எல்லாம் எரியும். ஒருவரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

(மறுபடி அமுக்கினால் ஓடும். எஸ்கலேட்டர் அப்படி வேலை செய்யாது என்று விஷயம் தெரிந்தவர்கள் கடிதம் போடவேண்டாம். அழகு பிளாசாவில் அப்படித்தான்.)

5

இவ்விடத்தில் ஒரு கட்டுரைத்தனமான பந்தி வரவேண்டும். ஆகவே, பொருள் விற்பதற்கென எழுப்பப்பட்ட பெருங்கட்டடங்கள் யாவும், வாங்குவோர் இணையத்துக்குப் போய்விட்ட பின்னர், மனிதரை மனிதர் காணும்

இந்த வசனத்தை முடிக்கிற அளவு படிப்பு எனக்கில்லை. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

6

ஆடி பிறந்தது. மேல்மாடி மறுபடி நான்கு பேரானது.

சுபோதினி இதை யோசிக்கவே இல்லை. தற்செயலுக்கும் ஆடி மாதம் ஆகாது! கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்த மாப்பிள்ளைகள் அறையில் இருந்து மாம்பழம் தின்றார்கள்.

"அங்கிள், ஆவணி ஒண்டுக்கு ஆர் வருவினம்?"

"எல்லாரும்" என்றேன்.

அதுதான் நடந்தது. ஒரு மாதம் அடக்கி வைத்திருந்த தற்செயல்கள் எல்லாம் ஒரே காலையில் வந்து இறங்கின. ஒவ்வொரு குடும்பமும் மற்றக் குடும்பங்களைக் கண்டது. "ஐயோ, எங்கட லேன் ஆக்கள்!" குருவி வராத இடமென்று வந்தவர்கள் மறுபக்கப் படியால் சறுக்கிக்கொண்டு வெளியேறினார்கள். துணிந்தவர்கள்தான் சோபாவுக்குப் பின்னால் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து அடைக்கப்பன் வந்தார். தொடர்மாடிக் கம்பனியின் இன்ஜினியர் ஹம்சிகாவையும் கூட்டி வந்தார்.

ஹம்சிகா பச்சைச் சட்டை போட்டிருந்தாள். டேப்பை இழுத்துப் படியை அளந்தபடி இறங்கினாள். அதே செக்கனில் டொரண்டோ தேனுஜன், "பச்சை" என்று சொல்லி அனுப்பப்பட்ட மாப்பிள்ளை, எஸ்கலேட்டரில் ஏறினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சுபோதினி பழக்கதோஷத்தில் அமுக்கினாள்.

"நல்லதாப் போச்சு, நிண்டிட்டுது" என்றாள் ஹம்சிகா. "அந்த முனையைப் பிடியுங்கோ. எத்தினை அடி?"

"கண்ணாடி இல்லாமல் தெரியேல்லை."

"அப்ப போட்டிட்டுப் பாருங்கோவன்!"

போட்டான், பார்த்தான். டேப்பை அல்ல. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அளவு பிழைத்தது, மறுபடி முதலிலிருந்து அளந்தார்கள்.

(ஹம்சிகாவை நான் நம்பவில்லை. அளப்பவர்கள் இரண்டு தடவைக்கு மேல் அளக்கமாட்டார்கள். இது ஐந்தாவது தடவை.)

உண்மையான பச்சைச் சேலைக்காரி மேலே சோபாவில் இருந்து ஃபோன் பார்க்கிறாள். அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

7

அடைக்கப்பன் விரல் நீட்டி எண்ணுகிறார்.

"இருபத்தெட்டு… இந்தப் பெரியவரோட இருபத்தொம்பது."

"முதலாளி, எஸ்கலேட்டரில நிக்கிறவரையும் சேருங்கோ!"

"அவரு இன்னும் மாடிக்கு வரலியேம்மா. அளக்க வந்தவங்களும் ஆளில்ல."

பொத்தானை மறுபடி அமுக்கினால் எஸ்கலேட்டர் ஓடும்; பதினேழில் எட்டுச் செக்கன்தான் மிச்சம். தேனுஜன் மேலே வந்து முப்பதாவது ஆளாவான். டேப் கையைவிட்டுப் போகும். அமுக்காவிட்டால் டேப் நிற்கும், கட்டடம் போகும். சுபோதினி விரலை வைத்தாள். அந்த இருவரையும் பார்த்தாள். தன் தையல் மிஷினையும் பார்த்தாள்.

"அங்கிள்" என்றாள் மெதுவாக, "உங்கட பேனைதானே. இன்னொரு ஆளை எழுதேலாதே? ஒரே ஒரு ஆள்."

எழுதிப் பார்த்தேன். "ஒரு தடித்த மனிதர் உள்ளே வந்தார்" என்றேன். கதை தொடங்கி இவ்வளவு நேரத்துக்குப் பிறகு வந்ததால் அவரை அடைக்கப்பன் நம்பவில்லை.

தொடக்கத்திலிருந்தே இங்கே நிற்கிற ஆள்தான் வேண்டும். ஒருவர் இருக்கிறார். கழிப்பறை வாசலிலிருந்து என் பின்னாலேயே வந்தவர்; காளானையும் கண்டவர். இவ்வளவு நேரமும் கீழ்த்தளத்தில் நின்று, ஒன்றும் வாங்காமல், வாசித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர்.

எஸ்கலேட்டர் ஓடாது, மறுபக்கப் படியால் வாருங்கள். அல்லது அங்கேயே நின்று, சுபோதினியின் விரல் என்ன செய்கிறதென்று பாருங்கள். நான் வற்புறுத்தமாட்டேன். ஒன்றை மட்டும் கவனத்தில் எடுங்கள்: நான் இருபத்தொன்பதாவது ஆள், இந்த மாடியை விட்டு அசைய முடியாது, கழிப்பறையோ கீழே இருக்கிறது.

வந்தால், அடைக்கப்பன் கேட்பார். தற்செயலாக வந்தேன் என்று சொல்லுங்கள்.