மனுதாரர் தரப்பில்

குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரத்தில் பெஞ்சுகள் போதாது. வந்தவர்களில் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். மீதிப் பேர் எதிராளியின் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வருஷக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்தவர்கள்கூட இங்கே வந்துவிட்டால் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள்.

ஜூனியர் வக்கீல் கதவோரமாக நின்றாள். கையில் நாலைந்து வழக்குக் கட்டுகள். பழசாக வாங்கிய கறுப்புக் கோட்டு தோளில் தொளதொளத்தது. கோர்ட்டுச் சேவகரான டவாலி வழக்கு நம்பரைக் கூவியதும் உள்ளே ஓட வேண்டும்; அதற்காக ஒரு காதை அங்கேயே வைத்திருந்தாள்.

அவளுடைய சீனியருக்கு ஒரே காலையில் மூன்று கோர்ட்டில் வழக்கு இருக்கும். அவர் இல்லாத கோர்ட்டில் எழுந்து நிற்பது அவள் வேலை. நிற்பதுதான் வேலை, வாதாடுவது அல்ல. "சீனியர் மேல்கோர்ட்டில் இருக்கிறார், சிறிது அவகாசம் வேண்டும்" என்று எதிர்த்தரப்பு வாயைத் திறப்பதற்குள் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். தலையை எவ்வளவு தாழ்த்துவது, எந்த இடத்தில் குரலைக் குழைப்பது எல்லாம் இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கைவந்துவிட்டது. கேட்டு அவள் வெறுங்கையோடு வந்ததே இல்லை. டவாலி அவளுக்கு 'வாய்தாம்மா' என்றே பேர் வைத்துவிட்டார்.

"வாய்தாம்மா வந்தாச்சா? அப்ப கோர்ட்டை ஆரம்பிச்சிடலாம்" என்பார். முதலில் அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

அவள் அப்பா பஸ் கண்டக்டர். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டே சாயங்காலக் கல்லூரியில் சட்டம் படித்தாள். குடும்ப வழக்குகளைத்தான் எடுப்பேன் என்று சொன்னபோது அத்தை மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "ஊர்ல எல்லாரும் குடும்பத்தைச் சேத்து வைக்கப் பாக்குறாங்க. நீ பிரிச்சு வைக்கவா இத்தனை படிச்சே?" என்றாள். இவளுடைய அக்கா கைக்குழந்தையோடு இதே மாதிரி ஒரு தாழ்வாரத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று அக்காவுக்கு ஒரு வக்கீலும் சொன்னதில்லை. சொல்கிற வக்கீலாகத் தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டவள் இவள்.

"மேடம், லேட்டாயிடுச்சா?"

சலவைக்காரி மூச்சிரைக்க வந்து நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ரத்தமும் மருந்தும் பட்ட விரிப்புகளைக் காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, இயந்திரத்தில் அள்ளிப் போட்டு, ஈரத்தோடு இழுத்து எடுப்பது. விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்திருந்தன. கோர்ட்டுக்கு வரும்போது கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொள்வாள்.

"இன்னும் கூப்பிடலக்கா. உக்காருங்க."

"பாப்பா வந்துட்டாளா?"

"வந்திருக்கா. அந்த ரூம்ல இருக்கா. கேஸ் முடிஞ்சதும் பாக்கலாம்."

அவள் புருஷன், இவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில், லீவுக்குத் தன் பெற்றோர் வீட்டில் விட்டு வருகிறேன் என்று மகளை அழைத்துக்கொண்டு போனவன். லீவு முடிந்தது, பிள்ளை திரும்பவில்லை. அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டான். குழந்தையை என்னிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள் என்று இவள் மனுப் போட்டது போன வருஷம். குழந்தை இப்போது அடுத்த வகுப்புக்கே போய்விட்டது.

வழக்கு வருகிற நாளிலெல்லாம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கோர்ட்டு சொல்லியிருந்தது. கட்டடத்தின் பின்பக்கம் பொம்மைகளும் குட்டை நாற்காலிகளும் போட்ட ஓர் அறை. அதில் ஒரு மணி நேரம் தாயும் மகளும் இருக்கலாம். முதல் தடவை குழந்தை தாயின் கழுத்தை விடவே இல்லை. பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. போன தடவை அது மடியில் உட்கார்ந்து, "எங்க வீட்ல மீன் தொட்டி வாங்கியிருக்கோம்" என்றது. சலவைக்காரி மீன்களின் நிறத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'எங்க வீடு' என்ற சொல் ஜூனியரின் காதில்தான் முள்ளாகத் தைத்தது.

அன்று சாயங்காலமே சீனியரிடம் போனாள்.

"சார், அந்தக் குழந்தை கேஸ்ல இனிமே டைம் வாங்க வேண்டாம் சார். நாள் ஆக ஆக அந்தப் பக்கம்தான் பலம். வேணும்னா நானே பேசறேன்."

சீனியர் நிமிராமலே, "நீ பேசிக் கெடுத்துடாதே. குழந்தை எங்க ஓடிப்போகப் போகுது?" என்றார். மேஜையில் ஒரு பெரிய வீட்டு விவாகரத்து விரிந்து கிடந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்காக அவர் எந்தக் கோர்ட்டிலும் அவகாசம் கேட்டதில்லை.

இன்று காலையிலும் சீனியரின் போன் வந்தது. "டைம் வாங்கிடு." அவ்வளவுதான்.

"என்ன மேடம், முகமே சரியில்ல?" என்றாள் சலவைக்காரி.

"ஒண்ணுமில்லக்கா."

"இன்னிக்காச்சும் முடியுமா? லீவு கேக்கவே பயமா இருக்கு. கோர்ட்டுச் சீட்டைக் காட்டினாத்தான் சூப்பர்வைசர் விடறாரு. அதையும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, உன் புருஷன்கூட நீ சேந்தே இருந்திருக்கலாம், எனக்காவது நிம்மதியா இருந்திருக்கும்ங்கறாரு."

சிரித்தாள். ஜூனியருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து வெளியே வந்து இவளிடம் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது: 'இன்னிக்கு நடக்கலக்கா, வேற தேதி போட்டிருக்காங்க.' போட்டிருக்காங்க. யாரோ போட்டது போல. அந்த வாக்கியத்தையும் அவள் சீனியரிடமிருந்துதான் பிடித்துக்கொண்டிருந்தாள். தொழிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

டவாலி கூவினார்.

உள்ளே மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேச வேண்டும். நீதிபதி கண்ணாடியைத் துடைத்தபடி, "சீனியர் வரவில்லை, அப்படித்தானே?" என்றார். யாரோ பின்னால் சிரித்தார்கள்.

சரி என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். தேதி கிடைத்திருக்கும்.

"நானே வாதாடுகிறேன்" என்றாள்.

அடுத்த மேஜையில் எதிர்த்தரப்பு வக்கீல் சாய்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்தார். ஜூனியர் கட்டைப் பிரிக்காமலே பேசினாள். அதில் உள்ளதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தாய் ஒரு நாளும் குழந்தையை விட்டுக்கொடுத்ததில்லை. பக்கத்து வீட்டில் தாயின் சொந்தத் தங்கை இருக்கிறாள். வேலை நேரத்தில் அவள் பார்த்துக்கொள்வாள். லீவு என்று சொல்லி அழைத்துப்போனது ஏமாற்று. நீதிபதி இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் பதில் சொன்னாள். டவாலிகூடக் கதவருகே நின்று கேட்டார். பேசி முடித்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. வக்கீல் ஆனதே இன்றுதான் என்று தோன்றியது.

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார். கெட்டவர் அல்ல, தாழ்வாரத்தில் பார்த்தால், சாப்பிட்டாயா என்று கேட்கிற மனிதர்தான்.

"என் கற்றறிந்த தோழி அருமையாகப் பேசினார். ஒன்றே ஒன்றுதான் என் கேள்வி. அந்தத் தாய்க்கு இவ்வளவு தவிப்பு இருந்தால், இத்தனை காலம் ஏன் வழக்கை நடத்தவில்லை? நாங்கள் ஒரு தடவைகூட அவகாசம் கேட்கவில்லை. குறிப்புகளைப் பார்க்கலாம்."

நீதிபதி கட்டைப் புரட்டினார். மெதுவாக, வாய்விட்டே படித்தார்.

"மனுதாரர் தரப்பில் அவகாசம் கேட்கப்பட்டது." ஒரு தாளைத் திருப்பினார். "மனுதாரர் தரப்பில் அவகாசம் கேட்கப்பட்டது." இன்னொரு தாள். அதே வரி. மறுபடியும் அதே வரி.

"ஐயா..."

பின் வரிசையில் சலவைக்காரி எழுந்து நின்றுவிட்டாள். மறைத்து வைத்திருந்த கைகள் வெளியே வந்திருந்தன.

"மனுதாரர்ன்னா நான்தானே ஐயா? நான் எப்ப அவகாசம் கேட்டேன்? நான் கேக்கவே இல்லீங்களே. ஆஸ்பத்திரியில சீட்டுல தேதி போட்டுக் குடுக்கற மாதிரி கோர்ட்டே குடுக்குதுன்னுல்ல நெனச்சேன்."

"உக்காரும்மா, உக்காரு" என்று டவாலி கிட்டே போனார். அவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை.

நீதிபதி ஜூனியரைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இன்று மாலை சீனியரின் அலுவலகத்தில் அவளுக்கு மேஜை இருக்காது. அப்பா பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் 'என் மக வக்கீலு' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"நான்தான் கேட்டேன்" என்றாள். "சீனியர் வர முடியாததால் கேட்டது. மனுதாரருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் வக்கீல் கேட்டால் கட்சிக்காரர் கேட்டதாகத்தான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? அதற்குள் அந்தக் குழந்தை அங்கே வேர் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடம், சிநேகிதர்கள் எல்லாம் அங்கேதான். நான் அவளிடம் பேசினேன், சந்தோஷமாக இருக்கிறாள். இப்போது பிடுங்கி நடச் சொல்கிறீர்களா?"

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஆற வைத்தவள் எதைச் சொல்லி வாதாடுவது?

உத்தரவு அங்கேயே சொல்லப்பட்டது. குழந்தை தகப்பனிடமே இருக்கும். தாய் மாதம் ஒரு புதன்கிழமை, பிற்பகலில், பின்பக்க அறையில் குழந்தையைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது, மனுதாரர் வேலைக்குப் போகிறவர் என்று ஜூனியர் கேட்டுப் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமை கட்டடம் பூட்டியிருக்குமே, அம்மா" என்றார் நீதிபதி. உண்மைதான். டவாலி அடுத்த நம்பரைக் கூவினார்.

அன்றைய ஒரு மணி நேரம் மட்டும் பாக்கியிருந்தது. ஜூனியர் அறை வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே குழந்தை பொம்மைக் கடை வைத்து வியாபாரம் செய்தது. சலவைக்காரி குட்டை நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, இல்லாத சாமான்களை வாங்கிக்கொண்டே இருந்தாள். "இன்னும் வேணுமா?" என்று குழந்தை கேட்டது. "வேணும், வேணும்" என்றாள்.

மணி ஆனதும் தகப்பன் வந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டான். முன்பு போலப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கவில்லை. சமர்த்தாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனது.

ஜூனியருக்குச் சலவைக்காரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் வாயிலிருந்து விழப்போகும் வசவுக்குத் தயாராக நின்றாள். இரண்டு திட்டுத் திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அழுவாள் என்றோ, ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்பாள் என்றோதான் நினைத்தாள். சலவைக்காரி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். பிறகு யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போலக் கிட்டே வந்தாள்.

"மேடம், அடுத்த தேதி எப்போ?"

"இல்லக்கா. இனிமே தேதி கிடையாது. கேஸ் முடிஞ்சிடுச்சு. புதன்கிழமைதான்..."

"புதன்கிழமை என்னை விட மாட்டாங்க மேடம். ஆஜராகணும்னு கோர்ட்டுச் சீட்டு இருந்தாத்தான் விடுவாங்க. புள்ளையைப் பாக்கப் போறேன்னா எவன் விடுவான்?" அவள் குரல் தணிந்தது. "நீங்க கேட்டா தேதி குடுத்துடறாங்களாமே. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இன்னொரு தடவை உள்ள போய்க் கேளுங்களேன்."

சலவைக்காரி ஜூனியரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாழ்வாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மதிய ஷிப்டு.

"யோசிச்சு வைங்க மேடம். நான் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

படிகளின் மேலிருந்து ஜூனியர் பார்த்தாள். வாசலுக்கு வெளியே தகப்பனின் கார் இன்னும் புறப்படவில்லை. பின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது, குழந்தையின் தலை தெரிந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது. சலவைக்காரி காரின் பக்கத்தில் ஒரு கணம் தயங்கினாள். கண்ணாடிக்குள் கையை விட்டு அந்தத் தலையைத் தொட்டாள், பஸ்ஸைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடந்து ஓடி, நகரத் தொடங்கிவிட்ட பஸ்ஸின் கம்பியைத் தாவிப் பிடித்தாள்.