ஒன்பது வோல்ட் பேட்டரி

அண்ணன் கிதார் உறையைக் கொண்டுவந்து என் கடை மேசைமேல் வைத்தபோது நான் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தேன். வழக்கமாக வந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, போன கச்சேரியில் டிரம்ஸ்காரர் எந்த இடத்தில் தாளம் தப்பினார் என்று முகத்தைக் கோணி நடித்துக் காட்டுவான். அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தான்.

“சுண்டு, இதக் கொஞ்சம் பாரு. கீச்சுன்னு என்னமோ சத்தம் வருதாம்.”

“வருதாமா?”

“கீபோர்டுக்காரன் சொல்றான். மூணு வாரமா இதே பாட்டு. மிக்ஸர்ல உக்காந்திருக்கறவனும் கூடச் சேந்து ஒத்து ஊதறான். எனக்கு ஒண்ணும் கேக்கல. புதுசா ஒருத்தனக் கூட்டிட்டு வரணும்னா நேராச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? இல்லாத சத்தத்த எதுக்கு என் தலையில கட்டறாங்க?”

அவன் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அண்ணனுக்குப் பாம்புச் செவி. சின்ன வயதில் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டே, இங்கே ஓடும் மின்விசிறியின் பேரிங் போகப்போகிறது என்பான். அடுத்த வாரம் அது போகும். நான் இந்தக் கடையைத் திறந்த புதிதில், மீட்டர் காட்டுவதற்கு முன்னாலேயே எந்த ஸ்பீக்கரில் இரைச்சல் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். இருபத்தாறு வருடமாக அதே குழுவில், அதே இடத்தில், டிரம்ஸின் பித்தளைத் தட்டுகளுக்கு ஒரு கை தூரத்தில் நின்று வாசித்துக்கொண்டிருக்கிறான். அந்த ஒரு கை தூரத்தைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

முதலில் கிதாரை ஒரு ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. “சொன்னேன்ல!” என்று அண்ணன் மேசையைத் தட்டினான். ஆனால் அந்தப் பெட்டியின் ஸ்பீக்கர் மெல்லிய சத்தங்களைத் தானே விழுங்கிவிடும். கச்சேரியில் அவன் வயரை நேராக மிக்ஸரில்தான் கொடுப்பான். அதனால் என் சின்ன மிக்ஸரில் செருகி, பெரிய ஸ்பீக்கரைத் திறந்துவிட்டேன்.

காதுக்குள் ஊசி இறங்கியது போலிருந்தது. உச்சத்தில், இழை பிரியாமல், ஒரே மாதிரி ஒரு கீச்சு. ‘அப்பா, என்ன சத்தம்’ என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அண்ணன் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பாத்தியா? சுத்தமா இருக்குல்ல?”

நான் தலையைக் குனிந்து கிதாரைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றினேன். திருகாணிகள் நான்குதான், அவற்றைக் கழற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே புதிதாக ஒரு பேட்டரி இருந்தது. அவனுடைய கிதாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து வயருக்கு அனுப்பும் பிக்கப்புக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி வேண்டும். வயர் செருகியிருக்கும் வரை அது கரைந்துகொண்டே இருக்கும். அண்ணன் வீட்டில் பயிற்சி முடிந்ததும் வயரை உருவ மறந்துவிடுவான். செத்த பேட்டரிகளே ஒரு அலமாரி இழுப்பறை நிறையக் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவன் மகள், வேலைக்குப் போன முதல் மாதத்தில், சார்ஜ் செய்து திரும்பத் திரும்பப் போடக்கூடிய பேட்டரி ஒன்றை அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். நல்ல பொருள்தான். ஆனால் அதற்குள் இருக்கும் செல்லின் வலு நான்கு வோல்டுக்கும் குறைவு. அதை ஒன்பதாகத் தூக்கிக் கொடுக்க உள்ளேயே நகக்கண் அளவு ஒரு சர்க்யூட் உண்டு. கீச்சிட்டது அதுதான். பொம்மைக்கோ கடிகாரத்துக்கோ போட்டால் தெரியாது. பிக்கப் அதைப் பிடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடும்.

சாதாரண பேட்டரி ஒன்றைப் பொருத்தினேன். கீச்சு நின்றது. அறை முழுக்க அமைதி.

“என்ன மாத்தின? முன்ன மாதிரியேதான இருக்கு?” என்றான் அண்ணன்.

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

“வயர் செருகற ஜாக்குல ஒரு கம்பி லூசா இருந்துச்சுண்ணா. இறுக்கிட்டேன்.”

“அப்ப மக குடுத்த பேட்டரில ஒண்ணும் இல்லையே?”

“சேச்சே. சார்ஜ் கொறஞ்சிருந்துச்சு, அதான் மாத்திப் போட்டேன்.”

அவன் அந்தப் பேட்டரியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். புதிதாகப் போட்டது இரண்டு மாதம் வரும், அதற்குள் பக்குவமாகச் சொல்லி ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அடுத்த நாள் அண்ணிக்குப் போன் செய்தேன். நான் ஆரம்பிக்கும் முன்பே அண்ணி ஆரம்பித்துவிட்டார்: “உங்கண்ணனா? குக்கர் நாலு விசில் அடிச்சாலும் அசைய மாட்டாரு. எதச் சொன்னாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான்.” இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த வேடிக்கை அது. நானும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். அன்றைக்கும், பழக்கதோஷம், சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

பதினொரு நாள்தான். வழக்கம்போல வயரை உருவ மறந்து, நான் போட்ட பேட்டரியைத் தீர்த்துவிட்டு, மகள் கொடுத்ததைச் சார்ஜ் செய்து மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஒரு கம்பெனியின் ஆண்டு விழா, பிற்பகல். அண்ணியும் மகளும் மூன்றாவது வரிசையில். மெதுவான பாட்டொன்றில் பாடகி பாதியில் நிறுத்திக் காதைப் பொத்திக்கொண்டாளாம். கீபோர்டுக்காரர் எல்லோர் முன்னாலும், “அண்ணே, மொதல்ல அந்த வயரக் கழட்டுங்க” என்றிருக்கிறார். அண்ணன் கழற்றவில்லை.

“என் தங்கச்சி பாத்துட்டா. இதுல ஒரு சத்தமும் இல்ல. அவ சொன்னா சொன்னதுதான்.”

மகள்தான் எழுந்து மேடையோரம் போய், அவன் காலருகே நின்று, மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்: “கேக்குதுப்பா.”

அண்ணி போனில் இதைச் சொல்லி முடித்தபோது என் கையில் சால்டரிங் இரும்பு வெறுமனே புகைந்துகொண்டிருந்தது.

நான்கு நாள் கழித்துக் காலையில் வந்தான். கிதாரையும், மடித்த ஒரு காகிதத்தையும் மேசையில் வைத்தான். காது டாக்டர் சோதித்துக் கொடுத்த கேட்கும் திறன் வரைபடம். இடப்பக்கம், தாழ்ந்த ஓசைகளில், சமமாக வரும் கோடு, பாதிக்குமேல் உச்ச ஓசைகளில் கிணற்றுப் படி மாதிரி இறங்கிக்கொண்டே போயிற்று. குழுவில் இனி ஒரு இளைஞன் வாசிப்பானாம். அதை அவன் குரல் பிசகாமல்தான் சொன்னான்.

“அன்னிக்கு உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுண்ணா.”

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“உன் பேரச் சொல்லித்தான் நான் சண்ட போட்டேன்,” என்றான். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். “மக குடுத்த பேட்டரிதான் உள்ள இருக்கு. அத மறுபடி செருகு.”

“எதுக்குண்ணா?”

“செருகு.”

மிக்ஸரில் செருகினேன். ஊசி இறங்கியது.

“வருதா?”

“வருது.”

“எப்படி இருக்கும்?”

வாயால் செய்து காட்ட முயன்றேன். பல்லைக் கடித்து, தொண்டையை இறுக்கி, என்னால் போக முடிந்த உயரத்துக்குப் போனேன். அண்ணன் கண்ணில் நீரோடு சிரித்தான்.

“நீ போடற சத்தம் நல்லாவே கேக்குது.”

கிதாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கடைசிக் கம்பியில், கழுத்தின் நடுவில் விரலை அழுத்தி மீட்டினான்.

“இதா?”

“இன்னும் மேலண்ணா.”

விரல் நகர்ந்தது.

“இது?”

“இல்ல. இன்னும் மேல.”

கழுத்தில் பதித்த கட்டைகளில் ஒவ்வொன்றாக ஏறிக் கடைசிக் கட்டைக்கு வந்தான். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். அவன் நிறுத்தவில்லை. கட்டைகள் முடிந்து வெறும் மரம் வந்தது. அதையும் தாண்டி விரல் பிக்கப்பின்மேல் ஏறியது. கம்பியிலிருந்து இப்போது சுரம் வரவில்லை, டக் டக்கென்று நகம் படும் ஓசை மட்டும். அவன் என் உதடுகளையே பார்த்துக்கொண்டு, கம்பி முடியும் இடத்தை நோக்கி விரலை நகர்த்திக்கொண்டிருந்தான்.