பொட்டல நூலில் ஒரு பிடிதுணி

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் வேறு. வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் அவளுக்கு வாய்த்த பெயர் ‘செக்கிங்’. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். நான்கடி நடந்தபின் திரும்பிவந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். தண்ணீர்க் குழாயை மூடியபின் அதனடியில் உள்ளங்கையை நீட்டி, சொட்டு விழுகிறதா என்று காத்து நிற்பாள். உறங்கும் குழந்தையைக்கூட மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்த்து எழுப்பிவிடக்கூடியவள் என்று அவளுடைய மூத்த ஓரகத்தி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அப்பெயர் சொல்லி அழைத்தால் அவளும் முகங்கோணாமல் திரும்பிப் பார்ப்பாள்.

அது ரொட்டி சுட்டு விற்கும் குடும்பம். முன்புறம் கடை, அதன் பின்னால் மாவு பிசையும் அறை, அதற்கும் பின்னால் அடுப்பறை. மாவைப் பிசைவது அவளுடைய கணவன். மேற்பார்வை மாமனாருடையது. யார் எங்கே நிற்பது என்பதை அவரே தீர்மானிப்பார். அடுப்பு நெடுநாளாகச் செக்கிங்கின் பொறுப்பில்தான் இருந்தது. ரொட்டியின் அடிப்பாகத்தை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே வெந்ததா வேகவில்லையா என்று சொல்லிவிடுவாள். அடுப்பிலிருந்து வெளிவந்த ரொட்டியின் மேல்தோல் குளிர்காற்றுப் பட்டு நொறுநொறுவென்று மெல்ல வெடிக்கும். அவ்வோசையைக் கேட்காத நாள் அவளுக்கு விடிந்த நாளாகவே தோன்றாது.

ஒருநாள் மடித்துப் பிடித்திருந்த கரித்துணியின் மடிப்பு நழுவியது. சூடு உள்ளங்கையைத் தாக்க, தட்டு சாய்ந்தது. பாதி ரொட்டிகள் தரையில் உருண்டன.

“கை ஆறுற வரைக்கும் முன்னாடி கடையப் பாத்துக்கம்மா. அடுப்பப் பெரியவ பாத்துக்கட்டும்” என்றார் மாமனார்.

கை ஆறியது. ஆனால் அடுப்பு அவளிடம் திரும்பவில்லை. கேட்டபோதெல்லாம், “அவதான் பழகிட்டாளே, எதுக்கு மாத்தணும்?” என்ற ஒரே விடையே வந்தது. மீண்டும் சுட்டுக்கொள்வாளோ என்னும் அச்சம் அவர் குரலில் இருந்ததை அவள் அறிவாள். அந்த அச்சத்தைப் போக்கினாலன்றித் தன் இடம் தனக்கு வாராது என்பதையும் அறிவாள். ஆகவே சூட்டை அறவே தடுக்கும் ஒரு பிடிதுணியைத் தன் கையாலேயே பின்னிவிடுவது என்று முடிவு செய்தாள். குரோஷா ஊசி பிடிக்கப் பள்ளிப் பருவத்திலேயே பழகியவள் அவள்.

முதல் முயற்சிக்கு, ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய பளபளப்பான நூலை எடுத்தாள். பின்னல் பார்க்க வெகு அழகாக அமைந்தது. ஆனால் அது கலப்பு நூல் என்பதைச் சூடான தட்டுதான் அவளுக்குத் தெரிவித்தது. தொட்ட மாத்திரத்தில் நூல் உருகித் தட்டின் விளிம்பிலும் ஓரத்து ரொட்டியிலும் ஒட்டிக்கொண்டது.

ஓரகத்தி அந்த ரொட்டியைத் தூக்கிப் பிடித்து, “மாமா, இங்க வந்து பாருங்க! நம்ம ரொட்டிக்குத் தாடி மொளைச்சிருக்கு!” என்றாள். மாவறையிலிருந்து கணவனும் சிரித்தான். அச்சிரிப்புத்தான் அவளுக்கு அதிகம் சுட்டது.

இரண்டாம் முறை பருத்தி நூலே வாங்கினாள். விசிறி விசிறியாக விரியும் வேலைப்பாட்டைப் பின்னினாள். அதில் அழகுக்கு ஒரு துளை என்றால் சூட்டுக்கும் அதே துளை வழியாயிற்று.

“இது பிடிதுணியாடி, கொசுவலையா?” என்று ஓரகத்தி அதை விளக்குக்கு நேரே பிடித்து, துளைகளின் வழியே கண்ணடித்தாள். “உன் மூஞ்சி நல்லாத் தெரியுது போ!”

செக்கிங் கையை நீட்டினாள். அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு யோசித்தாள். இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். முன்னர் மடிப்பு நழுவியதும் அதனால்தானே? இரண்டு படலங்களும் பின்னும்போதே பிணைந்து பிறக்க வேண்டும். ஒரு வரிசையைப் பின்னும்போது ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் நிற்கின்றன. ஓர் இழையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவைத்து, அடுத்த வரிசையில் அந்த விடுபட்ட இழையையும் சேர்த்துக் குத்தினால் என்ன?

நூலுக்கு அவள் எங்கும் போகவில்லை. ரொட்டிப் பொட்டலம் கட்டுவதற்கென்று கடையில் தொங்கிக்கொண்டிருந்த முரட்டுப் பருத்தி நூலுருண்டையிலிருந்து இரண்டு இழைகளை ஒன்றாகச் சேர்த்து இழுத்தாள்.

வழி சரிதான். ஆனால் பின்னத் தொடங்கிய வரிசைகள் நாய்க்காதுபோல் சுருண்டன. ஏதோ பிழை என்று எண்ணி அவிழ்த்தாள். கண்ணிகளை எண்ணிச் சரிபார்த்து மறுபடியும் பின்னினாள். மறுபடியும் சுருண்டது, மறுபடியும் அவிழ்த்தாள். நூல் பஞ்சாகத் தொடங்கியது.

“எதுக்குப் பிரிக்கிற? நல்லாத்தானே வருது?” என்றான் கணவன்.

“எங்க நல்லா வருது? சுருளுது பாருங்க.”

“செத்த நேரம் விட்டுத்தான் பாரேன். பிசைஞ்ச மாவையே அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் தொறந்து பாத்தா அது எப்பப் பொங்கும்?”

“உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க” என்று அவள் இன்னொரு வரிசையையும் அவிழ்த்தாள்.

மறுநாள் காலையில் கடையில் கூட்டம் நெரிந்தது. பின்னல் அவள் மடியில் கிடந்தது. ஒருவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்தவர் வாய்திறக்கும்வரை இரண்டு கண்ணி. பேச்சோடு பேச்சாக மேலும் இரண்டு கண்ணி. குனிந்து பார்க்கவோ, எண்ணவோ, அவிழ்க்கவோ நேரமில்லை. கூட்டம் கலைந்தபின் மடியைப் பார்த்தவள் திகைத்துப்போனாள். பின்னல் கைக்குட்டைபோல் நேராகப் படுத்திருந்தது. தொடக்கத்து வரிசைகளின் சுருளை அடுத்துவந்த வரிசைகள் இழுத்து நிமிர்த்திவிட்டிருந்தன. விரலால் அழுத்தினாள், அமுங்கி எழுந்தது. மேற்பரப்பில் வரப்புகள் போன்ற மேடுகள் ஓடின. முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று விட்டு நழுவ வழியே இல்லை.

இத்தனை நாளும் அவள் அவிழ்த்தவை யாவும் பிழையற்ற வரிசைகள். சரிபார்த்துச் சரிபார்த்தே அவள் அவற்றைக் கெடுத்திருந்தாள். இதை உணர்ந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. தனியே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்போது ரொட்டி வாங்க வந்த தபால்காரர், தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளோ என்று தம் சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அதன்பின் அவள் ஒரு கண்ணியையும் அவிழ்க்கவில்லை. ஜோடியில் இரண்டாவதையும் பின்னி முடித்தாள். ஆயினும் அவற்றைக் கொண்டுபோய்க் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தாடியும் கொசுவலையும் போதாதா? இரண்டையும் கடைப்பலகையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து விடுதியிலிருந்து பெருந்தொகையாக ரொட்டி கேட்டிருந்த நாள் அது. முதல் தட்டு வெளிவந்து மேசை நிறைந்திருந்தது. ஓரகத்தி அவசரத்தில் மேசையைத் துடைத்த கரித்துணியையே எடுத்துக்கொண்டு இரண்டாம் தட்டை இழுத்தாள். துணி ஈரம். இரும்பைத் தொட்டதும் ஈரம் ஆவியாகிக் கையைச் சுட்டது.

“ஐயோ அம்மா!” என்று அவள் கையை உதறினாள். தட்டு அடுப்பின் வாயில் பாதி உள்ளும் பாதி வெளியுமாகத் தொங்கியது. விடுதிக்குரிய ரொட்டிகளில் பாதி அதன்மேல் இருந்தன.

அலறல் கேட்டவுடன் செக்கிங் எழுந்தாள். பலகையின் அடியில் கையை விட்டாள். அன்று எதையும் இழுத்துப் பார்க்கவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. அடுப்பறைக்குள் நுழைந்து, சரிந்துகொண்டிருந்த தட்டின் இரு விளிம்புகளையும் பிடிதுணிகளால் பற்றினாள். மேடுகள் இரும்பைக் கவ்விக்கொண்டன. தட்டு நேராயிற்று.

ஆனால் வைக்க இடமில்லை. கணவன் ஓடிவந்து மேசைமேலிருந்த ரொட்டிகளைக் கூடைக்கு மாற்றத் தொடங்கினான்.

“கீழ போட்டுடும்மா! ரொட்டி போனாப் போகுது, கை போயிடப் போகுது!” என்று மாமனார் பதறினார்.

“எனக்குச் சுடல மாமா.”

“சுடாம எப்படி? போடுன்னு சொல்றேன்ல!”

“நெசமாவே சுடல மாமா. என்னங்க, நீங்க ஓடாதீங்க, ரொட்டி நசுங்குது. மெதுவா அடுக்குங்க. நான் நிக்கிறேன்.”

அவள் நின்றாள். கணவன் கடைசி ரொட்டியைக் கூடையில் அடுக்கும்வரை, கனத்த தட்டைத் தாங்கிய தோள்கள் நடுங்கினவேயன்றி உள்ளங்கைகள் நோகவில்லை. தட்டை மேசைமீது வைத்தாள். ஒரு ரொட்டிகூடக் குறையவில்லை. குளிர்காற்றுப் பட்டதும் ரொட்டிகள் அனைத்தும் நொறுநொறுவென்று ஒன்றாக வெடிக்கத் தொடங்கின.

முன்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது: “ரொட்டி இருக்கா, இல்ல எல்லாரும் தூங்கப் போயிட்டீங்களா?”

“இருங்க வர்றோம்! இங்க ஒரு பெரிய வேலை நடந்திருக்கு!” என்று கத்தியவன் கணவன். அவன் குரலில் பெருமை பொங்கியது.

ஓரகத்தி குழாய்நீரில் கையை நனைத்தபடியே, “அந்தத் துணிய இங்க காட்டுடி” என்றாள். வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். தட்டைத் தொட்ட பக்கம் சுட்டது. மறுபக்கம் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. “அடி பாவி! இத்தன நாளா இத ஒளிச்சு வச்சிருந்தியா? நான் பாட்டுக்கு ஈரத்துணியோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்!”

“காட்டினா இதுக்கும் ஒரு பேர் வப்பீங்களே அக்கா.”

“வப்பேன். வைக்காம விடுவேனா?” என்று ஓரகத்தி சிரித்தாள். “ஆனா இது தாடியுமில்ல, வலையுமில்ல. மெத்தைடி இது, மெத்தை!”

மாமனார் ஜோடியின் மற்றொரு துணியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வரப்புகளின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பலே! நல்ல வேலை. இந்த ஜோடியப் பெரியவகிட்டக் குடுத்துரும்மா. அவ கை ஆறினதும் இதையே வச்சுக்கட்டும். நீ போய் முன்னாடி பாரு, ஆள் நிக்குது.”

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். மாமனாரின் கையிலிருந்த துணியையும், ஓரகத்தியின் கன்னத்தோடு கிடந்த துணியையும் மெல்ல வாங்கிக்கொண்டாள். அவளுடைய குரல் உயரவில்லை.

“அக்காவுக்கு வேற ஜோடி பின்னித் தர்றேன் மாமா. முன்கடைய அவங்க பாத்துக்கட்டும். அடுப்ப இனிமே நான் பாத்துக்கறேன்.”