இருபத்தெட்டு ஸ்டாப்பில் ஏழாவது மெட்டு

பஸ் ஓட்டுகிறவளுக்குப் பாட்டு எதற்கு என்று கேட்டவர்கள் எல்லாருமே அவள் பஸ்ஸில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்கள்தான். அவர்களுக்கு இருக்கலாம், அவளுக்கு இருக்கக் கூடாது. உலக நியாயம் அப்படி.

டிப்போவில் அவளுக்கு பிரேக்கம்மா என்று பெயர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்பதற்காக வைத்தது. நாற்பத்தொன்பது வயதில் கீபோர்டு கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பெரிய வண்டிக்கு லைசென்ஸ் இருக்கு. அந்தச் சின்னதுக்கும் ஒண்ணு எடுத்துக்கோ," என்றான்.

அவன் எதையும் தடுக்கிற ஆள் இல்லை. கேலி செய்யாமலும் இருக்கமாட்டான்.

இசைப் பள்ளியில் பன்னிரண்டு பேருக்கு ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், ஒரே வேகம். பள்ளியை நடத்தியவரை எல்லாரும் பெரிய டீச்சர் என்பார்கள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. புத்தகத்தில் இருப்பதுதான் இசை, மற்றதெல்லாம் இரைச்சல் என்று மனதார நம்புகிறவர். கெட்டவர்களிடம் மாட்டினால்கூடத் தப்பிக்கலாம், இப்படி நம்புகிறவர்களிடம் மாட்டவே கூடாது.

அங்கே பிரேக்கம்மாவிடம் இரண்டு கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. முதலாவது கண். பஸ் ஓட்டுகிற கண் ஒரே இடத்தில் நிற்காது. சாலை, இடது கண்ணாடி, வலது கண்ணாடி, மறுபடி சாலை என்று ஓடிக்கொண்டே இருக்கும். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வரியில் ஆரம்பித்து ஐந்தாவது வரியில் போய் நிற்பாள். இரண்டாவது கால். கீபோர்டுக்குக் கீழே ஒரு பெடல் உண்டு. அதை மிதித்தால் வாசித்த ஒலி அடங்காமல் நீளும். கஷ்டமான இடம் வருகிறது என்று தெரிந்தாலே அவளுடைய வலது கால், வேகத்தடையைக் கண்டு பிரேக் போடுவதுபோல, அதை அடிவரை அழுத்திவிடும். ஒலியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூழாகும். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பெரிய டீச்சர் அவளை அழைத்தார். "இது உங்களுக்கு வராதும்மா. மனசு கஷ்டப்படாதீங்க."

அவள் படியிறங்கும்போது, அலுவலகப் பெண்ணிடம் அவர் மெதுவாகச் சொன்னதும் காதில் விழுந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. எஞ்சின் சத்தத்துக்கு நடுவே கடைசி சீட்டில் நடக்கிற சண்டையைக் கேட்கிற காது அது.

மறுநாள் திரும்பிப் போனாள். விலகுவதற்கு என்றுதான் பெரிய டீச்சர் நினைத்தார்.

"வீட்டுக்கு வந்து தனியா சொல்லித் தர ஆள் அனுப்புவீங்களாமே. ஒருத்தரை அனுப்புங்க."

"நான்தான் நேத்தே சொன்னேனேம்மா, வராதுன்னு."

"நீங்க சொன்னதுக்கு அப்புறம்தாங்க வரணும்னு ரொம்ப ஆசையா இருக்கு."

பள்ளி அனுப்பியவள் இருபத்து நாலு வயது சின்ன டீச்சர். முதல் நாள் வந்தாள், புத்தகத்தைத் திறக்கவில்லை. பிரேக்கம்மா வாசித்ததைப் பத்து நிமிடம் கேட்டாள், காலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு உங்களுக்கு எத்தனை மணிக்கு ட்யூட்டிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை டிரைவர் சீட்டுக்கு எதிர்ப்பக்கம் முதல் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ட்ரிப் முழுக்க வந்தாள். ஜன்னல் வழியாக ஒரு தடவைகூட வேடிக்கை பார்க்கவில்லை. பிரேக்கம்மாவுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது, அப்புறம் மறந்துவிட்டது.

அடுத்த வகுப்பில் சின்ன டீச்சர் கேட்டாள். "உங்க ரூட்ல எத்தனை ஸ்டாப்புக்கா?"

"இருபத்தெட்டு."

"வரிசையா சொல்லுங்க."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தண்ணீர்த் தொட்டி, கோர்ட், மீன் மார்க்கெட், ஆஸ்பத்திரி, பாலம். சின்ன டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு பள்ளிப் புத்தகத்தின் ஏழாவது மெட்டை இருபத்தெட்டுத் துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப்பில் நிறுத்தினாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கோர்ட்டுக்கு ஏற்றம், அங்கே மெட்டும் ஏறும். மீன் மார்க்கெட்டில் நெரிசல், விரல்கள் நெருங்கி ஓடும். ஸ்டாப்புக்கு ஸ்டாப் மெட்டும் ஒரு மூச்சு நிற்கும்.

"பிரேக்கை இடையில போடாதீங்க. ஸ்டாப்ல வந்து போடுங்க. ஆள் ஏறினதும் காலை எடுத்துடுங்க."

அவ்வளவுதான். இரண்டே வாரத்தில் அந்தக் கால் கூழ் காய்ச்சுவதை நிறுத்தியது. நான்காவது மாதத்தில், சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவன், கருவிப் பையைக் கீழே வைக்காமலே வாசலில் நின்று கடைசி ஸ்டாப் வரைக்கும் கேட்டான். கேலி எதுவும் செய்யவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய பரிசு.

வினை அந்த நோட்டு வடிவில் வந்தது. பள்ளியில் மேசைமேல் கிடந்ததைப் பெரிய டீச்சர் புரட்டிப் பார்த்துவிட்டார். சுரக் குறிப்பு இருக்கவேண்டிய இடத்தில் மீன் மார்க்கெட் இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும். வீட்டிலேயே பாடம் படிக்கிறவர்களுக்கு ஆறாவது மாதம் ஒரு தேர்வு உண்டு. அதில் புத்தகப்படி வாசிக்காவிட்டால் சின்ன டீச்சருக்கு அங்கே இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

விஷயம் பிரேக்கம்மாவின் காதுக்கு வந்தது. தன்னால் ஒரு பெண்ணின் வேலை போவதா? நான்கு நாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். கண் பழையபடி வலமும் இடமும் ஓடியது, காலும் பயத்தில் பழைய புத்திக்கே திரும்பியது. கடைசியில் சின்ன டீச்சர்தான் புத்தகத்தை மூடினாள்.

"வேணாம்க்கா. நம்ம ரூட்லயே போங்க. வேலை போனா போகட்டும்."

மூடின புத்தகத்தை அலமாரிமேல் தூக்கி வைத்தாள்.

தேர்வு அறையில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், பக்கத்தில் பெரிய டீச்சர். சின்ன டீச்சர் கதவோரம் நின்றாள், வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பிரேக்கம்மா கீபோர்டில் விரலை வைத்து, டிப்போவிலிருந்து வண்டியை எடுத்தாள். ஸ்டாப் பெயர்களைச் சொல்லி உதடு மட்டும் அசைந்தது. ஏற்றத்தில் ஏறி, நெரிசலில் நெளிந்து, பாலம் தாண்டி, இருபத்தெட்டாவது ஸ்டாப்பில் அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினாள். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"கண்ணு புத்தகத்துலயே இல்லையே சார்," என்றார் பெரிய டீச்சர். "மூணாவது வரியிலிருந்து வாசிங்கம்மா."

பிரேக்கம்மா புத்தகத்தைப் பார்த்தாள். எல்லா வரியும் ஒன்றுபோலவே இருந்தது. "அது எந்த ஸ்டாப்புங்க? ஆஸ்பத்திரிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

தேர்வாளர் சிரித்துவிட்டார். ஆனால் கெட்ட சிரிப்பு இல்லை. அந்த வரியை மெல்ல முனகிக் காட்டினார்.

"பாலம்," என்று அவள் அங்கிருந்தே எடுத்து ஓட்டினாள். இன்னொரு வரியை முனகினார். அது கோர்ட். அங்கிருந்தும் ஓட்டினாள்.

"எந்த இடத்துல ஏத்திவிட்டாலும் போறாங்களே," என்று தேர்வாளர் பெரிய டீச்சரைப் பார்த்தார்.

"விதின்னு ஒண்ணு இருக்கு சார்." பெரிய டீச்சர் அலமாரியைத் திறந்து புகார்ப் புத்தகத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். "இந்தப் பொண்ணு எனக்குப் புத்தகத்தைச் சொல்லித் தரலைன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. மாசாமாசம் ஸ்கூல் கமிட்டி பார்க்கிற புத்தகம். உங்க மேல தப்பே இல்ல. நானே நேர்ல உங்களுக்குப் பாடம் எடுக்கறேன். எழுதலைன்னா இனிமே யாரையும் அனுப்ப முடியாது."

பிரேக்கம்மா கதவோரம் பார்த்தாள். சின்ன டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகார்ப் புத்தகம் அவளுக்குப் புதிதல்ல. டிப்போவிலும் ஒன்று உண்டு, ஸ்டாப்பில் நிற்கவில்லை, நின்றது அதிக நேரம் என்று அவள்மேலேயே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவள் யார்மேலும் எழுதியதில்லை. பேனாவை வாங்கி நிதானமாக எழுதினாள். கையெழுத்துக்குக் கீழே பழக்கதோஷத்தில் பேட்ஜ் நம்பரையும் போட்டாள்.

பெரிய டீச்சர் புத்தகத்தைத் திருப்பி வைத்துப் படித்தார்.

'மூன்று மாதம் வகுப்பில் இருந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் பார்த்தார்கள். இந்தப் பெண் இரண்டு ட்ரிப் என் பஸ்ஸில் வந்து என்னைப் பார்த்தாள். அதனால் எனக்கு வாசிக்க வந்தது.'

அவர் முகம் சிவந்தது. "நான் அந்தப் பொண்ணு மேலதானே எழுதச் சொன்னேன்."

"எனக்கு இருக்கிற புகாரைத்தானேங்க நான் எழுத முடியும்."

அவர் கை பக்கத்தின் ஓரத்துக்குப் போனது.

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்குங்க," என்றாள் பிரேக்கம்மா. "இது எழுபத்தாறு. மாசாமாசம் கமிட்டிக்குப் போகும்ல, எழுபத்தஞ்சுக்கு அப்புறம் எழுபத்தேழு வந்தா கேப்பாங்க."

கை நின்றது. தேர்வாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய டீச்சர் அந்த நாலு வரியையும் இன்னொரு தடவை படித்தார், இந்தத் தடவை மெதுவாக.

பிரேக்கம்மா எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, கதவோரம் சின்ன டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வந்துடுங்க டீச்சர்," என்றாள். "இவங்க அனுப்பினாலும் சரி, அனுப்பலைன்னாலும் சரி."