அட்டையின் கடைசிச் சொல்

மலேசியாவில் கலும்பாங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் வரும். நான் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, குமாரசிங்கம். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது கடிதத்தையும் கொடுத்துவிடுவேன். இருபத்தாறு வருஷத்தில் ஒருவருடைய கடிதத்தையும் ஒரு நாள் பிந்திக் கொடுத்தவன் இல்லை. எண்பத்து நான்காம் வருஷம் வரை.

அந்த வருஷம் பால்வெட்டும் காளியம்மாவுக்குப் பட அட்டைகள் வரத் தொடங்கின. அவள் மகன் அர்ஜுனன் கப்பலில் எஞ்சின் துடைக்கிற வேலைக்குப் போயிருந்தான். "அம்மா, சுகம். நேரத்துக்குச் சாப்பிடு" என்று தமிழில் இரண்டு வரி. அடியில் ரோமன் எழுத்தில் ஒற்றைச் சொல். ஜெனோவாவிலிருந்து ஸ்பெரான்ஸா. மார்செயிலிருந்து எஸ்பெரான்ஸ். பார்சலோனாவிலிருந்து எஸ்பெரான்ஸா. லிஸ்பனுக்குப் போனதும் அதே சொல்லில் ஓர் எழுத்துக்கு வால் முளைத்திருந்தது. தமிழே வாசிக்கத் தெரியாத தாய்க்கு இந்தத் துரைத்தனம் எதற்கு? எனக்கு எரிச்சலாக வந்தது. முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பெரிய அகராதியைப் புரட்டினேன். எஸ்பெரான்ஸ் என்றால் நம்பிக்கை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நான்கு சொல்லுக்கும் ஒரே சாடை. இறங்குகிற துறைமுகத்திலெல்லாம் பயல் இந்த ஒன்றைத்தான் விசாரித்து எழுதுகிறான்.

காளியம்மாவுக்கு அட்டைகளை வாசித்துக் காட்டுவது தோட்டப் பள்ளியில் டீச்சராக இருந்த என் மகள் விமலாதேவி. ஒருநாள் அவளுடைய பாடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் என் கண்ணில் பட்டது. நான்கு சொற்கள், நான்கு தேதிகள். கீழே தமிழில் 'நம்பிக்கை' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அவளும் அர்ஜுனனும் ஒரே தோட்டத்து லோரியில் டவுன் பள்ளிக்குப் போனவர்கள். என் மகள் டிரைவர் பக்கத்தில், அவன் பின்னால் நின்றபடி. ஈப்போவில் எங்களைப் போல யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மாப்பிள்ளை ஒருவரைப் பேசி வைத்திருந்தேன். கேட்கும்போதெல்லாம் "பிறகு பாப்பம் அப்பா" என்று அவள் ஏன் சொன்னாள் என்பது அப்போதுதான் விளங்கியது. தாயில்லாத பிள்ளையை நான்தான் வளர்த்தேன். என்னிடமே மறைத்துவிட்டாளே என்பதுதான் அதிகம் வலித்தது.

ஐந்தாவது அட்டை ருமேனியாவிலிருந்து வந்தது. ஸ்பெரான்ட்ஸா. அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சொல் வருவது நின்றால் எண்ணமும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"கிராணி ஐயா, நம்ம வூட்டுக்குக் கடுதாசி ஏதும் வந்துச்சுங்களா?" காளியம்மா தினமும் கேட்டாள். மூன்று வாரம் இல்லை என்று சொன்னேன். வீட்டில் விமலா சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரு காலை பெரட்டு முடிந்தும் காளியம்மா பால்வெட்ட மலைக்குப் போகவில்லை. பால் வாளியைக் காலடியில் வைத்துவிட்டு என் மேசை முன் நின்றாள்.

"ஐயா, கப்பல் கம்பெனிக்கு இங்கிலீசுல ஒரு கடுதாசி எழுதுங்க. எம்புள்ள உசுரோட இருக்கானான்னு மட்டும் கேளுங்க. கைநாட்டு வச்சிர்றேன்." சொல்லும்போதே என் மேசையிலிருந்த மையைக் கட்டைவிரலில் தொட்டுக்கொண்டாள்.

தாளை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. மகளைத் தடுப்பதாக நினைத்து, ஒரு தாயை மூன்று வாரமாகச் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

இழுப்பறையைத் திறந்து அட்டையை நீட்டினேன். "மூண்டு கிழமையா இங்கதான் கிடந்தது. பிழை என்ர. சுகமா இருக்கிறன் எண்டு எழுதியிருக்கிறான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "இருக்கான்ல, அது போதுங்க ஐயா." பிறகு மை படாமல் சுண்டுவிரலால் அட்டையின் அடியைக் காட்டினாள். "எல்லாத்தையும் படிக்கிற டீச்சரு, இந்தக் கடைசிய மட்டும் வாய்விட்டுப் படிக்க மாட்டாங்க. எனக்கு என்னமோ எழுதியிருக்கான். என்னான்னு சொல்லுங்களேன்."

"அது உனக்கு எழுதினது இல்லை, காளியம்மா," என்றேன். "என்ர மகளுக்கு. வீட்டிலதான் நிக்கிறா. கொண்டுபோய்க் குடு. நான்தான் தந்தனான் எண்டு சொல்லு. பின்பக்கத்தால வேண்டாம், முன்வாசலாலேயே போ."

அவள் வாளியை மறந்துவிட்டு ஓடினாள். கப்பல் கம்பெனிக்கென்று எடுத்த தாள் மேசையிலேயே கிடந்தது. அதில் ஈப்போ மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதத் தொடங்கினேன்.